எண்பது மைக்ரோமோல்: மேக்ரோமோனோமரிலிருந்து கிளைத்த பிளாக் கோபாலிமர் செய்யும் வேலை

பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். ஈரமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும் பியூட்டைல்லித்தியம் பாட்டிலைத் திறக்கலாம் என்பது ஒன்று, திறக்கவே கூடாது என்பது மற்றொன்று. மார்கழி, தையில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று கணவாய்க்குள் இரைந்துகொண்டு வரும். அதுதான் நல்ல நேரம். ஆடியில், அங்கத்திய கணக்கில் கர்க்கடகத்தில், சுவரே வியர்க்கும். நடுவில் பங்குனி, சித்திரை வெயில் இருக்கிறது. அதற்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு, பிறகு வருகிறேன்.

சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறைப் பள்ளிப் புத்தகம் பலபடி என்கிறது. ஆய்வகத்தில் எல்லார் வாயிலும் பாலிமர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். செய்யப்போவது கிளைத்த பிளாக் கோபாலிமர், அதாவது இரண்டு வகைத் துண்டு ஒரே சங்கிலியில்: ஒரு முனையில் நேரான பாலிஸ்டைரீன், அதன் தொடர்ச்சியாகச் சீப்பு மாதிரி பாலிஐசோப்ரீன் கிளைகள். கிளையை முதலில் தனியாகச் செய்து, அதன் ஒரு முனையில் வினைல் தலை (இன்னொரு சங்கிலியில் கோக்க இடம் தரும் இரட்டைப் பிணைப்பு) ஒன்றை மாட்டிவிட வேண்டும். அந்தத் தலையுள்ள கிளைதான் மேக்ரோமோனோமர். பிறகு அதையே மோனோமராக, அதாவது கோக்கும் மணியாக வைத்து, உயிருள்ள (நுனியில் லித்தியம் நின்று இன்னும் நீளக்கூடிய) பாலிஸ்டைரீன் சங்கிலியின் நுனியில் வரிசையாகக் கோக்க வேண்டும். கிளை ஒவ்வொன்றும் என்ன நீளம் என்று முன்கூட்டியே அளந்து தெரிந்திருப்பது இந்த வழியின் லாபம். முதுகெலும்பை, அதாவது கிளைகளைத் தாங்கும் நடுச் சங்கிலியைச் செய்துவிட்டுக் கிளையை ஒட்டுகிற வழியிலும், முதுகெலும்பிலிருந்தே கிளையை வளர்க்கிற வழியிலும் அந்த நிச்சயம் இல்லை.

1956இல் மைக்கேல் ஸ்வார்க் 'உயிருள்ள பாலிமர்' என்று பேர் வைத்தபோது அந்தக் கட்டுரையில் கூட இருந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் மில்கோவிச். 1970களில் முனையில் வினைல் மாட்டிய மேக்ரோமோனோமரைத் தொழில்முறையில் கொண்டுவந்தவரும் அவரே. ஆக, இந்த வேலையின் இரண்டு பாதியும் ஒரே கையில் பிறந்தவை. ஆனால் இரண்டு பாதிக்கும் சுத்தத்தின் அளவு ஒன்றல்ல. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கிளை செய்ய 10 கிராம் ஐசோப்ரீன், குறி வைக்கும் மூலக்கூறு எடை 5,000. வேண்டிய இனிஷியேட்டர் (சங்கிலியைத் தொடங்கிவைக்கும் பியூட்டைல்லித்தியம், ஒன்றுக்கு ஒரு சங்கிலி) 2 மில்லிமோல், அதாவது 2,000 மைக்ரோமோல். அடுத்த கட்டத்தில் 8 கிராம் மேக்ரோமோனோமர், அதாவது 1,600 மைக்ரோமோல் கிளை. ஒரு சங்கிலிக்கு 20 கிளை வேண்டுமென்றால் உயிருள்ள முனை 80 மைக்ரோமோல் மட்டும். கண்ணாடிப் பாத்திரம் அதேதான், கரைப்பானும் ஏறக்குறைய அதே அளவுதான். உயிர் மட்டும் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தண்ணீர் உள்ள சைக்ளோஹெக்சேன் கரைப்பான் 100 மி.லி. எடுத்தால் அதில் 43 மைக்ரோமோல் தண்ணீர் இருக்கும். ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு உயிருள்ள முனையைக் கொல்லும் என்ற கணக்கில், கிளை செய்யும்போது இது 2 சதவீதம் சாவு, யாரும் கவனிக்கமாட்டார்கள். கோக்கும் கட்டத்தில் 60 மி.லி.யில் 26 மைக்ரோமோல். மூன்றில் ஒரு பங்கு போச்சு. காற்று இன்னும் மோசம். 30 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில் 1 மி.லி. காற்றில் தண்ணீர் சுமார் 1.4 மைக்ரோமோல். அதே 1 மி.லி.யில் ஆக்சிஜன் 8 மைக்ரோமோலுக்கு மேல். மழைக்காலத்தில் எல்லாரும் ஈரத்தையே திட்டுகிறோம்; உள்ளே நுழைந்த காற்றில் ஈரத்தைவிட ஆறு மடங்கு ஆக்சிஜன்தான் கொல்கிறது. செப்டம் என்கிற ரப்பர் மூடி வழியாக 10 மி.லி. காற்று கசிந்தால் அன்றைய வேலை முடிந்தது.

அதனால்தான் ஆர்கான் பலூன் வேண்டாம் என்று சொல்வது. ரப்பர் பலூன் வழியாக ஆக்சிஜனும் ஈரமும் ஊறி உள்ளே வரும். ரப்பர் விளைகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு ரப்பரைக் குறை சொல்வது சங்கடம்தான்; ஆனால் பலூன் ஒரு மணி நேர வேலைக்கு, இது நான்கு நாள் வேலை. டெஃப்லான் ஸ்டாப்காக் (திருகி மூடும் அடைப்பான்) உள்ள, பக்கக்குழாய் வழியாக வெற்றிடமும் ஆர்கானும் மாற்றிவிடக்கூடிய ஸ்லெங்க் ஃபிளாஸ்க்கே சரி. கண்ணாடி ஊதத் தெரிந்த ஆளும் டிஃப்யூஷன் பம்பும் இருந்தால், உடைமுத்திரை வைத்த முழு உயர் வெற்றிட முறை இன்னும் நல்லது. கிளையின் எடை 5,000, 20 கிளை என்கிற அளவுக்கு ஸ்லெங்க் முறை தாங்கும். கிளை 20,000, முதுகெலும்பு இன்னும் நீளம் என்று போனால் தாங்காது.

கிளை

வெயில் தொல்லை இங்கே ஆரம்பம். ஐசோப்ரீனின் கொதிநிலை 34 டிகிரி. பாலக்காட்டில் ஏப்ரல் மதியம் அதைத் தாண்டிவிடும். பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஊசி தேடப் போனால், திரும்பி வருவதற்குள் மூடி விசிறும். சிரிஞ்சுக்குள் இழுத்தாலும் பிஸ்டனைத் தானாகவே பின்னால் தள்ளும், அளவு தப்பும். ஐஸ் தொட்டியில் வைத்து, சிரிஞ்சையும் குளிரவைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு பிரித்த ஆம்பூலுக்குள் வெற்றிடத்தில் வடித்து (ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்து), மி.லி. கோட்டைப் பார்த்துக்கொள்வது மேல். 10 கிராம் என்றால் ஏறக்குறைய 14.7 மி.லி.

சுத்தம் செய்வது வழக்கப்படிதான். கால்சியம் ஹைட்ரைடு மேல் இரவு முழுக்கக் கலக்கி, வடித்து, பிறகு 0 டிகிரியில் கொஞ்சம் என்-பியூட்டைல்லித்தியம் சேர்த்து அரை மணி, மறுபடி வடிப்பு. அரை மணிக்கு மேல் விட்டால் அதுவே பாலிமராகிக் கெட்டியாகும், சூடும் ஏறும். ஐஸ் தொட்டியை விட்டு நகரக் கூடாத இடம் இது. சைக்ளோஹெக்சேனுக்கு நல்ல சாட்சி டைபினைல்எத்திலீன்: சில துளியும் கொஞ்சம் செகண்டரி பியூட்டைல்லித்தியமும் விட்டால் ஆழ்ந்த சிவப்பு வரும். அந்தச் சிவப்பு நிலைத்து நிற்கும் குடுவையிலிருந்து வடித்தது மட்டுமே கரைப்பான். சிவப்பு ஆரஞ்சாக வெளுத்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். பழைய கட்டுரைகள் பல பென்சீனில் செய்தவை. அது புற்றுநோய் உண்டாக்கும், சைக்ளோஹெக்சேனில் முடிகிற வேலைக்கு அது எதற்கு?

இனிஷியேட்டருக்குச் செகண்டரி பியூட்டைல்லித்தியமே வேண்டும். என்-பியூட்டைல் கரைப்பானில் ஆறாறாகக் கூடிக் கிடக்கும், மெல்ல மெல்லத்தான் தொடங்கும். அதற்குள் முன்னே தொடங்கிய சங்கிலிகள் நீண்டுவிடும், கிளைகள் சமமாக இரா. லேபிளில் 1.4 மோலார் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடுவது பெரிய தப்பு. சூட்டில் அது பியூட்டீனாகவும் லித்தியம் ஹைட்ரைடாகவும் பிரியும், அடியில் வெள்ளையாகப் படியும். பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திராவிலும் ஒரு சித்தூர், இரண்டிலும் தமிழ் கேட்கும். பார்சல் எந்தச் சித்தூருக்கு என்று பின்கோடோடு எழுதாவிட்டால், தவறான ஊர்க் கிடங்கில் வெயில் காய்ந்துவிட்டுத்தான் பாட்டில் வந்து சேரும்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் டைட்ரேஷன், அதாவது உண்மைச் செறிவைச் சொட்டி அளப்பது. உலர்ந்த டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) கரைப்பானில் 212 மி.கி. டைபினைல்அசெட்டிக் அமிலம், அதாவது 1 மில்லிமோல், கரைத்து, மஞ்சள் மறையாமல் நிற்கும் வரை சொட்டுங்கள். 0.75 மி.லி. ஆனால் செறிவு 1.33 மோலார். டி.எச்.எஃப்.பை இந்த லித்தியமே தாக்கும் என்பதால் குளிர்ந்த நிலையில் சீக்கிரம் முடிக்க வேண்டும். மூன்று முறை செய்து ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை எழுதிக்கொள்வது.

மற்றது சுலபம். 100 மி.லி. சைக்ளோஹெக்சேன், 2 மில்லிமோல் இனிஷியேட்டர், 14.7 மி.லி. ஐசோப்ரீன், 30 டிகிரி, 24 மணி நேரம். நிறம் வெளிறிய மஞ்சள், சில நேரம் நிறமே இல்லாத மாதிரி. ஸ்டைரீன் மாதிரி ஆரஞ்சு வரும் என்று காத்திருந்து, செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். இந்த வழியில் வரும் பாலிஐசோப்ரீனில் 93 சதவீதம் போல 1,4 இணைப்பு (ஐசோப்ரீனின் முதல், நான்காம் கார்பன் வழியாகக் கோத்தது), பெரும்பாலும் சிஸ், மீதி 3,4. பக்கத்துத் தோட்டத்தில் சிரட்டைக்குள் சொட்டுகிற ரப்பர் பாலில் கிட்டத்தட்ட முழுக்கவே சிஸ்-1,4. மரத்துக்கு இன்னும் நாம் ஈடு இல்லை. ஆனால் எல்லாச் சங்கிலியையும் ஒரே நீளத்தில் வெட்டித் தர மரத்துக்குத் தெரியாது.

தலை மாட்டுதல்

வினைல் தலைக்கு நல்லது 4-குளோரோடைமெத்தில்சிலைல் ஸ்டைரீன். இனிச் சுருக்கமாகச் சிலேன் என்கிறேன். ஒரு பக்கம் சிலிக்கான்-குளோரின், மறுபக்கம் வினைல். பாலிமர்-லித்தியம் குளோரினை மிக வேகமாகத் தள்ளிவிட்டு உட்காரும்; வினைலைத் தொட அதற்கு நேரம் வேண்டும். அந்த வேக வித்தியாசத்தில்தான் இந்த வேலையே நிற்கிறது.

எதற்குள் எதை ஊற்றுவது என்பது இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிலேன் இருக்கும் குடுவைக்குள்தான் பாலிமர் கரைசல் சொட்டாக வர வேண்டும். மாற்றிச் செய்தால் முதலில் வந்த சிலேனின் குளோரின் போனதும், சுற்றி நிற்கும் மற்ற லித்தியம் முனைகள் அதன் வினைலையும் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி. கருவியில் இரட்டை எடை, மும்மடங்கு எடை என்று வால் நீளும். வேடிக்கை என்னவென்றால், இதே தவற்றை வேண்டுமென்றே செய்து, உயிருள்ள பாலிஸ்டைரீனுக்குள் சிலேனை மெல்ல மெல்லச் சொட்டி, மரம் மாதிரி கிளைக்குக் கிளை விடும் பாலிமர் செய்கிற தனி முறையே இருக்கிறது. நமக்கு வேண்டியது அது அல்ல.

2 மில்லிமோல் கிளைக்கு 2.2 மில்லிமோல் சிலேன், அதாவது 0.43 கிராம், 20 மி.லி. சைக்ளோஹெக்சேனில். பத்து சதவீதம் கூடுதலாக வைப்பது, கடைசிச் சொட்டு வரையிலும் சிலேன் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காக. கேனுலா என்கிற நீள ஊசிக்குழாய் வழியாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு சேர்க்கலாம். ஐஸ் தொட்டி வைக்காதீர்கள், சைக்ளோஹெக்சேன் 6.5 டிகிரியில் உறைந்துவிடும். 10 முதல் 15 டிகிரி போதும்.

சிலேன் பாட்டிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஈரக்காற்றில் புகையும். புகைவது ஹைட்ரஜன் குளோரைடு. உள்ளே மிஞ்சுவது இரண்டு சிலேன் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்த டைசிலாக்சேன். அதற்கு இரண்டு வினைல் தலை. அது மேக்ரோமோனோமரோடு கோக்கும் கட்டம் வரை வந்துவிட்டால், இரண்டு முதுகெலும்பைச் சேர்த்துத் தைக்கும் நூலாக வேலை செய்யும். கடைசியில் ஜெல். ஜெல் வந்ததும் எல்லாரும் லித்தியத்தின்மேல் பழி போடுவார்கள். குற்றவாளி ஆடி மாதத்தில் இரண்டு முறை திறந்து மூடிய சிலேன் பாட்டிலாக இருக்கும். திறக்கும் அன்றைக்கே குறைந்த அழுத்தத்தில் வடித்து, வேண்டிய அளவை மட்டும் ஆம்பூலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வினை முடிந்ததும் மிஞ்சிய சிலேனை அடக்குவதிலும் இதே கண்ணி இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்த இரட்டைத் தலை தானாகவே உண்டாகி, எண்ணெய்ப் பாலிமருக்குள் ஒளிந்துகொள்ளும். உலர்ந்த மெத்தனாலும் கொஞ்சம் டிரைஎத்திலமீனும் ஊற்றினால் அது மெத்தாக்ஸி சிலேனாகி மெத்தனாலிலேயே போய்விடும். லித்தியம் குளோரைடும் மெத்தனாலில் கரைந்து போகும். 5,000 எடைப் பாலிஐசோப்ரீன் தூளாக விழாது. பீக்கரின் அடியில் மறையூர்ச் சர்க்கரைப் பாகு மாதிரி தங்கும். மேலே உள்ளதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மறுபடி கரைத்து, மறுபடி மெத்தனாலில் விட்டு, மூன்று முறை.

மற்ற வழிகளை ஓரிரு வரியில் சொல்லலாம். வினைல்பென்சைல் குளோரைடு கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் லித்தியம்-ஹாலஜன் பரிமாற்றம், எலக்ட்ரான் தாவல் இரண்டாலும் இரட்டை எடைத் தோள் வரும். முனையில் டைபினைல்எத்திலீன் மாட்டி, டி.எச்.எஃப்.பில் -78 டிகிரியில் செய்தால் குறையும். எத்திலீன் ஆக்சைடு மாட்டி மெத்தாக்ரிலாயில் குளோரைடு போடுவது மில்கோவிச் காலத்து வழி. பின்னால் ரேடிக்கல் முறையில் கோக்கப் போகிறவர்களுக்கு நல்லது. அந்த ஆக்சைடு 11 டிகிரியிலேயே கொதிக்கிற நச்சு வாயு. பாலக்காட்டு வெயிலில் அதோடு சகவாசம் வேண்டாம் என்பதே என் கட்சி.

தலை எத்தனை கிளையில் மாட்டியது என்று, ஹைட்ரஜன்களை வகைவாரியாகச் சிகரங்களாகக் காட்டும் என்.எம்.ஆர். கருவி சொல்லும். ஆனால் எந்தச் சிகரத்தை எண்ணுவது? வினைலின் மூன்று ஹைட்ரஜனில் ஒன்று 5.2 பிபிஎம் (இங்கே இது சிகரம் நிற்கும் இடத்தின் அளவு) பக்கம் வரும், அது 5.1இல் நிற்கும் ஐசோப்ரீன் மலைக்கு அடியில் புதைந்துவிடும். 6.7இலும் 5.75இலும் வருவதை மட்டும் எண்ண வேண்டும். ஒரு கிளையில் ஐசோப்ரீன் அலகு 73 இருக்கும்போது அந்த ஒற்றை ஹைட்ரஜன் சின்னதாகத்தான் தெரியும். ஸ்கேன் எண்ணிக்கையைத் தாராளமாக வையுங்கள். சிலிக்கான் மேல் உள்ள ஆறு மெத்தில் ஹைட்ரஜன் 0.3 பக்கம் வரும். 0.07இல் கூர்மையாக ஒன்று நின்றால் அது உங்கள் பாலிமர் இல்லை, ஸ்டாப்காக்கில் தடவிய சிலிக்கோன் கிரீஸ்.

பாகை உலர்த்துவது

மேக்ரோமோனோமரை வடிக்க முடியாது. சாதாரண மோனோமருக்கும் இதற்கும் உள்ள ஒரே பெரிய வித்தியாசம் இதுதான். பாதிப் பேர் தோற்பதும் இதனால்தான். 8 கிராம் பாகில் 50 பிபிஎம் தண்ணீர் இருந்தால் 22 மைக்ரோமோல். 80இல் 22 போய்விட்டால், 20 கிளை கேட்ட இடத்தில் சுமார் 28 கிளை உள்ள சங்கிலிகளும் கூடவே செத்த பாலிஸ்டைரீனும் கிடைக்கும்.

பாலிஸ்டைரீன் கிளை என்றால் உறைய வைத்துக் கரைப்பானை இழுத்ததும் பஞ்சு மாதிரி தூள் நிற்கும், அதன் வழியே ஈரம் சுலபமாகப் போகும். பாலிஐசோப்ரீன் -65 டிகிரிக்கு மேல் ரப்பர். கரைப்பான் போகப் போகப் பாகாகவே சுருண்டு உட்காரும், உள்ளே இருக்கும் மெத்தனால் வெளியே வர வழி இருக்காது. எனவே உலர்ந்த சைக்ளோஹெக்சேனில் கரைத்து, கால்சியம் ஹைட்ரைடு மேல் இரவு முழுக்கக் கலக்கி, ஆர்கானின் கீழ் கண்ணாடி வடிகட்டி வழியாக எடுத்து, கரைப்பானை வெற்றிடத்தில் இழுங்கள். இழுக்கும்போது குடுவையைச் சாய்த்துச் சுழற்றினால் பாகு சுவரில் மெல்லிய படலமாகப் படியும். தடித்த கட்டியாக அடியில் நிற்க விடாதீர்கள். மறுபடி உலர்ந்த கரைப்பான் வடித்து விட்டு, கரைத்து, இழுத்து, மூன்று சுற்று. கடைசியில் 24 முதல் 48 மணி நேரம் உயர் வெற்றிடம். சூடாக்கினால் வேகம்தான், ஆனால் வினைல் தலைகள் தமக்குள்ளேயே சேரத் தொடங்கும். அறை வெப்பமே போதும்.

எடுத்து வைக்க வேண்டியிருந்தால் ஆர்கானின் கீழ், இருட்டில், -20 டிகிரி. பி.எச்.டி. என்று செல்லமாகச் சொல்லப்படும் பியூட்டைல் ஹைட்ராக்ஸி டொலுவீனைப் போட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். அது பட்டம் வாங்கித் தராது, லித்தியத்தைக் கொல்லும். போட்டால் மறுபடி மெத்தனாலில் கழுவி எடுக்க வேண்டும்.

உலர்ந்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். 8 கிராமைச் சைக்ளோஹெக்சேனில் கரைத்து மொத்தம் 40 மி.லி. ஆக்குங்கள். அதில் 2 மி.லி.யைத் தனிக் குழாயில் எடுத்து, ஒரு துளி உலர் டி.எச்.எஃப். விட்டு, 0.05 மோலாராக நீர்த்த இனிஷியேட்டரை 5 மைக்ரோலிட்டர், 5 மைக்ரோலிட்டராகச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் பொறுங்கள். மஞ்சள் போகாமல் நின்றது 20 மைக்ரோலிட்டரில் என்றால், அந்த 2 மி.லி.யில் 1 மைக்ரோமோல் அழுக்கு. மொத்தக் கரைசலில் 20. அது ஆகாது, இன்னொரு சுற்று உலர்த்த வேண்டும். 8க்குக் கீழே வந்தால், அதாவது பத்து சதவீதத்துக்குள், போகலாம். இந்தச் சோதனைக்கு 0.4 கிராம் பாகு செலவு. கஞ்சத்தனம் பார்த்து இதைத் தாண்டிப் போனால் எட்டு கிராமும் செலவு.

கோப்பது

ஸ்டைரீனில் பியூட்டைல் கேட்டகால் தடுப்பான் இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவி அல்லது அலுமினா வழியாக விட்டு நீக்கி, கால்சியம் ஹைட்ரைடு, பிறகு டைபியூட்டைல்மக்னீசியம். மக்னீசியம் போட்டதும் பச்சை கலந்த மஞ்சள் நின்றால் உலர்ந்தது என்று பொருள்; அதிலிருந்து வடிக்க வேண்டும். அந்த மக்னீசியத்தை மேக்ரோமோனோமர் கரைசலிலேயே விட்டால் என்ன என்று தோன்றும். தண்ணீரைப் பிடிக்கும் என்பது சரி. ஆனால் வடிக்க முடியாத கரைசலில் அது தங்கிவிடும், லித்தியம் முனையோடு கூட்டுச் சேர்ந்து அதை மந்தமாக்கும்.

25 மி.லி. சைக்ளோஹெக்சேன், 2.4 கிராம் ஸ்டைரீன், 80 மைக்ரோமோல் இனிஷியேட்டர். 1.33 மோலார் மூலப் பாட்டிலிலிருந்து இது 60 மைக்ரோலிட்டர்தான். அதை அப்படியே அளக்கப் போனால் ஊசி நுனியில் தொங்கும் துளியே பிழையாகிவிடும். 0.1 மோலாராக நீர்த்து 0.80 மி.லி. எடுங்கள். 40 டிகிரியில் ஆறு மணி நேரம். எடை 30,000 உள்ள ஆரஞ்சு நிறப் பாலிஸ்டைரீன்-லித்தியம் கிடைக்கும். ஒரு சின்ன மாதிரி எடுத்து ஜி.பி.சி. போட்டுப் பாருங்கள். 30,000 கேட்டு 34,500 வந்தால் 13 சதவீத இனிஷியேட்டர் தொடங்கும் முன்பே செத்தது என்று பொருள்; இப்போது உயிரோடு இருப்பது 70 மைக்ரோமோல், கிளைக் கணக்கை அதை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாதிரியை அடக்கும் மெத்தனாலில் காற்று நீக்கியிருக்க வேண்டும். நீக்காத மெத்தனாலில் கரைந்த ஆக்சிஜன் இரண்டு சங்கிலியை ஒட்டிவிட்டு, குடுவையில் இல்லாத இரட்டை எடைத் தோளை ஜி.பி.சி.யில் காட்டும். இல்லாத நோய்க்கு ஒரு வாரம் மருந்து தேடுவார்கள்.

இனி இதற்குள் மேக்ரோமோனோமர் கரைசலைச் சேர்ப்பது. முதல் 1 மி.லி. விட்டுவிட்டுக் கையை நிறுத்துங்கள். குடுவையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கரைசல் விழுந்த இடத்தில் ஆரஞ்சு சற்று வெளுத்து, கலக்கியதும் முழுக்கத் திரும்பினால் நல்லது. ஒவ்வொரு மி.லி.க்கும் நிறம் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றால் உலர்த்தியது போதாது. மிச்சக் கரைசலையாவது காப்பாற்றி மறுபடி உலர்த்தப் போகலாம். முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றியவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

மேக்ரோமோனோமர் மெதுவாகத்தான் கோக்கும். வினைல் செறிவு குறைவு என்பதால் மெதுவாகிறது என்று பலர் சொல்வது முழுச் சரியில்லை. வேகம் மோனோமர் செறிவுக்கு நேர்விகிதம் என்பதால், பாதி தீர ஆகும் நேரம் அந்தச் செறிவைப் பொறுத்தது அல்ல. முனைகளின் செறிவு குறைந்திருப்பதும், ஏற்கெனவே உட்கார்ந்த கிளைகள் நுனியைச் சுற்றிக் கூட்டமாக நிற்பதும், கரைசல் கெட்டியாவதும்தான் காரணம். ஸ்டைரீனுக்கு மணிக்கணக்கு என்றால் இதற்கு நாள்கணக்கு. கொஞ்சம் உலர் டி.எச்.எஃப். சேர்த்தால் கூடிக் கிடக்கும் லித்தியம் பிரிந்து வேகம் ஏறும். டி.எச்.எஃப். போட்டால் 1,4 இணைப்பு கெட்டுவிடுமே என்ற பயம் இங்கே வேண்டாம். கிளை எப்போதோ செய்து முடிந்தது, அதன் அமைப்பு இனி மாறாது. டி.எம்.இ.டி.ஏ. என்கிற டைஅமீன் மட்டும் வேண்டாம்; அதோடு சேர்ந்த லித்தியம் பாலிஐசோப்ரீனின் அல்லைல் ஹைட்ரஜனையே பிடுங்கும், கிளையிலிருந்து வேண்டாத கிளை முளைக்கும்.

நான்கு நாள் ஓட்டத்தில் எத்தனை மாதிரி எடுப்பது? இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஊசி ஒவ்வொரு தடவை செப்டத்தைக் குத்தும்போதும் காற்றுக்கு ஒரு வழி.

மழைக்கால மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க் கதை முடியாது. கரண்ட் போன சத்தம் கேட்டதும் முதல் கை போக வேண்டியது வெற்றிடக் குழாய் லைனுக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஸ்டாப்காக்குக்கு. அதை மூடாவிட்டால் பம்பு எண்ணெய் பின்னால் ஏறும், காற்றும் கூடவே வரும். ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் பொறிக்குள் காற்று இழுபட்டால் ஆக்சிஜன் வெளிர்நீலத் திரவமாகத் தேங்கும். கரைப்பானோடு சேர்ந்த அந்த நீலம் வெடிமருந்து. நீலம் கண்ணில் பட்டால் குளிர்க்குடுவையை விலக்காதீர்கள், பொறியை மூடி அடைக்காதீர்கள், ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

ஜி.பி.சி.யைப் படிப்பது

முடிந்ததும் காற்று நீக்கிய மெத்தனால் விட்டு அடக்கி, மெத்தனாலில் வீழ்த்தி, ஜி.பி.சி. போட்டால் மூன்று மேடு தெரியலாம். முன்னே பெரியது, அதுதான் வேண்டியது. கடைசியில் சின்னது மிஞ்சிய மேக்ரோமோனோமர். அதை எடுத்து என்.எம்.ஆர். பார்த்தால், வினைல் இருக்கிறதா இல்லையா என்பதில் பாடம் பிரியும்: வினைல் இருந்தால் கோக்க நேரம் போதவில்லை அல்லது முனை செத்தது, இல்லாவிட்டால் தலை மாட்டும்போதே தவறியது. நடுவில் 30,000இல் ஒன்று நின்றால் அது கரைசல் சேர்க்கும்போது செத்த பாலிஸ்டைரீன்.

பெரிய மேட்டுக்குக் கருவி காட்டும் எடையை அப்படியே எழுதிவிடாதீர்கள். கிளைத்த சங்கிலி சுருண்டு கச்சிதமாக இருக்கும், தாமதமாக வெளிவரும்; நேரான பாலிஸ்டைரீன் அளவுகோலில் அதன் எடை குறைவாகத் தெரியும். பாலிஐசோப்ரீன் கிளைக்கோ இதற்கு நேர்மாறு, உண்மையைவிடக் கூடத் தெரியும். இரண்டு பொய் எண்ணையும் வகுத்து 'ஒரு சங்கிலிக்கு இத்தனை கிளை' என்று எழுதினால் அது மூன்றாவது பொய். ஒளிச்சிதறல் கருவி வேண்டும். அதற்குக் கொடுக்கும் ஒளிவிலகல் மாற்ற எண் டி.எச்.எஃப்.பில் பாலிஸ்டைரீனுக்கு 0.185, பாலிஐசோப்ரீனுக்கு 0.127, நம் பாலிமரில் ஸ்டைரீன் எடையில் 23 சதவீதம் என்பதால் விகிதப்படி 0.140.

மிஞ்சிய மேக்ரோமோனோமரைப் பிரிக்க மொத்தத்தையும் 1 லிட்டர் டொலுவீனில் கரையுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் கெட்டியாக வேண்டாம். கலக்கிக்கொண்டே மெத்தனால் சொட்டி, மங்கல் மறையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, தெளியும் வரை சில டிகிரி சூடாக்கி, பிரிபுனலில் இரவு முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். அடியில் தேங்கும் கெட்டிப் படிவத்தில் பெரிய சங்கிலி, மேலே 5,000. இரண்டு மூன்று முறை செய்தால் சுத்தம். சித்திரையில் ராத்திரிக்கும் பகலுக்கும் வெப்பம் எகிறுவதால் திறந்த மேஜையில் வைத்தால் விடிந்ததும் மறுபடி கரைந்துவிடும். புனலை நீர்த்தொட்டிக்குள் வையுங்கள். செத்த பாலிஸ்டைரீன் இந்த வழியில் முழுக்கப் போகாது. அதை உண்டாக்காமல் இருப்பதே சுலபம்.

கடைசிப் படிவத்தைக் கரைத்து மெத்தனாலில் வீழ்த்தினால் இந்தத் தடவை பாகு வராது, இழுபடும் வெள்ளை ரப்பராக விழும். அறை வெப்பத்தில் வெற்றிடத்தில் உலர்த்தி, பழுப்புப் பாட்டிலில் போட்டு, 0.1 சதவீதம் பி.எச்.டி. சேர்த்து மூடலாம். இனிக் கொல்ல லித்தியம் எதுவும் மிச்சமில்லை.